வாங்கப் போனவள்

அந்த வார்த்தை உன் வாய்க்குள்தான் இருக்கிறது. காணாமல் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாயே, ஒரு பொம்பளையை இன்னொரு தரம் திருடியாக்கி நடுத்தெருவில் நிறுத்தினாயே, அந்த வார்த்தையை நீ நாக்குக்கு அடியில், கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில், வெல்லக்கட்டியை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும். உன் பேரை நான் எழுதப் போவதில்லை. பேரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதைப் படித்துக் காட்ட நான் இன்னொரு வக்கீலைத் தேட வேண்டும். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும். எவனுக்கு உறைக்கிறதோ அவன்தான் அது.

எங்கள் ஊர்த் தெற்கு ரத வீதியில் நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி காலை ஒன்பதரைக்கு வாசலில் வந்து நிற்பார். சந்தனக் கிண்ணம் ஒரு பக்கம், கற்கண்டுத் தட்டு ஒரு பக்கம், நடுவில் வெள்ளை வேட்டியில் அவர். படியேறுகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கைகூப்பி 'வாங்க' என்பார். அவ்வளவுதான் அவர் செய்கிற வியாபாரம், மற்றதெல்லாம் உள்ளே இருக்கிற நாற்பது ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்த 'வாங்க' இருக்கிறதே, புருஷன் வீட்டில் வசவு கேட்டுவிட்டுக் கண் சிவந்து வந்தவளுக்கு அது பிறந்த வீட்டு நிலைப்படியில் கேட்கிற குரலாகக் கேட்கும், மழை ஏமாற்றிய வெள்ளாமைச் சம்சாரிக்கு அது மேகம் கூடுகிற சத்தமாகக் கேட்கும், கால் வலிக்காரருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற சத்தமாகக் கேட்கும், சும்மா மழைக்கு ஒதுங்கினவன்கூட அதைக் கேட்டதும் தனக்கு ஒரு அக்கா மகள் கல்யாணம் இருப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கடைக்கு வருகிற வழியில் எட்டு ஜவுளிக்கடை உண்டு. எட்டையும் தாண்டித்தான் சனம் வந்தது, அந்த ஒரு சொல்லுக்காக.

என் பேர் மூக்கம்மா. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் பேரம் பேச என்னைக் கூட்டிப் போவார்கள், இருபது வருஷத்துக்கு மேலாக அதுதான் பிழைப்பு. 'ஒரே விலை' என்று பலகை மாட்டிய கடையிலேயே அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து விலையை இறக்கியவள் நான். அதனால் முதலாளியையும் எனக்குத் தெரியும், சீனியம்மாவையும் தெரியும்.

சீனியம்மா திருடி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அவளே ஒளித்ததில்லை. வருஷத்துக்கு ஒரு சேலை, அந்த ஒரு கடையில் மட்டும், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், கட்டியிருக்கிற சேலையின் கொசுவத்தோடு கொசுவமாக இன்னொரு சேலையைச் செருகிக்கொண்டு, எடுத்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, முதலாளிக்கு எதிரிலேயே நடந்து வெளியே போவாள். அதை விற்கமாட்டாள். தைப்பொங்கல் அன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் இரண்டு தரம் இப்படியும் அப்படியும் நடப்பாள். அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. கண்ணாடி பதித்தார். ஆள் போட்டார். பிறகு சேலைக்குச் சேலை பில்லை குத்தி வாசலில் ஒரு மெஷினை நிறுத்தினார், அது பில் போட்டுப் போகிற அத்தனை பேருக்கும் கத்தியது, சீனியம்மா போனபோது மட்டும் கோயில் மாடு மாதிரி சும்மா நின்றது. கடைசியில் அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, 'இவரைக் கண்டால் தகவல் தரவும்' என்று கீழே சின்ன எழுத்தில் எழுதி வாசலுக்கு மேலே மாட்டினார். சின்ன எழுத்தை யார் படிப்பார்கள்? வெளியூர் சனம் அதை முதலாளியின் காலஞ்சென்ற தாயார் என்று நினைத்தது. ஒருத்தி பூ வைத்தாள். ஒருத்தி கண்ணாடியில் குங்குமம் வைத்தாள். முகூர்த்தப் பட்டெடுக்க வந்த ஒரு பெண்வீட்டுக்காரர்கள் கட்டுப் பிரிக்கும் முன்னால் படத்தடியில் வைத்துக் கும்பிட்டே போனார்கள். சீனியம்மா அந்தப் பக்கம் போகும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"கன்னம் ஒட்டிப்போயித் தெரியுது மதினி. நல்லதா வேற ஒண்ணு மாட்டச் சொல்லு."

பத்தொன்பது வருஷம் இப்படி ஓடியது. இன்னும் பத்தொன்பது ஓடியிருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சீனியம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள், கார்த்தீஸ்வரி, ஸ்கேன் சென்டரில் வேலை, அவளுக்கு நல்ல இடத்தில் அமைந்துவந்தது. தை பத்தாம் தேதி முகூர்த்தம் என்று பேசி முடித்த அன்றைக்கு அந்தப் பெண் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எம்மா, திருட்டுச் சேலையில நான் தாலி வாங்கிக்க மாட்டேன்."

அதற்கு முந்தின வருஷமே மகள் மனசு தெரிந்து சீனியம்மா ஒரு மில் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். கை தோல் உரிந்து வெளுத்து, ரேகை தேய்ந்து, அந்தக் கையோடு ஆடி பிறந்ததும் என் வீட்டுக்கு வந்தாள்.

"மதினி, கூட வா. எனக்குப் பேரம் பேசத் தெரியாது. நான் இதுவரைக்கும் எதுக்கும் விலை கேட்டதில்லையே."

எங்கள் ஊரில் துணி 'எடுக்க'ப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள், 'வாங்க'ப் போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை, கோடீஸ்வரன் வீட்டிலும் அப்படித்தான். சீனியம்மா பத்தொன்பது வருஷம் எடுக்கத்தான் போனாள். அன்றைக்கு, பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள், காலை பதினோரு மணிக்கு, தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மஞ்சப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் கூட அவள் வாங்கப் போனாள்.

எங்களுக்கு முன்னால் போன கைக்குழந்தைக்காரிக்கு 'வாங்க' கிடைத்தது. அவள் இடுப்பில் இருந்த பிள்ளைக்கும் தனியாக ஒரு 'வாங்க' கிடைத்தது. சீனியம்மா முதல் படியில் கால் வைத்தாள். முதலாளியின் வாய் மூடிக்கொண்டது. கடைக்கு ஷட்டர் இறக்குகிற மாதிரி மேலுதடு கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் தோளுக்கு மேலே பார்த்து, பின்னால் வந்த டாக்டர் வீட்டம்மாவுக்கு 'வாங்க' என்றார்.

"முதலாளி," என்றாள் சீனியம்மா. "இன்னைக்கு நான் எடுக்க வரல. வாங்க வந்திருக்கேன். மகளுக்கு முகூர்த்தச் சேலை."

அவர் அவளிடம் பேசவில்லை. என்னிடம் பேசினார்.

"மூக்கம்மா, நீ உள்ள போ. கூட வந்தது வெளிய நிக்கட்டும்."

"அது என்ன ஆடா மாடா, 'வந்தது'ன்னு சொல்றீங்க?" என்று நான் ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் வந்தால் வீதி முழுக்கக் கேட்கும். சீனியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சத்தம் போடாத மதினி. நிக்கிறேன். எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டுச் சொல்லுவாரு."

அப்படித்தான் நினைத்தாள் பாவி. முதல் படியில் ஓரமாக நின்றாள். சந்தனம் அவளைத் தாண்டிப் போனது, கற்கண்டு அவளைத் தாண்டிப் போனது, குடையோடு வந்தவர்கள், குழந்தையோடு வந்தவர்கள், கடன்பட்டு வந்தவர்கள், செருப்பில்லாமல் வந்தவர்கள், வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லோருக்கும் விழுந்த அந்தச் சொல் அவள் மேல் மட்டும் விழாமல், மழையில் ஒரு ஆள் நிற்கிற இடம் மட்டும் காய்ந்து கிடக்கிற மாதிரி, அவளைச் சுற்றி விழுந்துகொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. ஒரு காரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. முதலாளி கைகூப்பி வாயைத் திறந்தார். 'வா' என்பது வெளியே வந்து 'ங்க' வருவதற்குள் சீனியம்மா இரண்டு படி ஏறி, சோற்றில் கிடக்கிற முடியை எடுக்கிற மாதிரி இரண்டு விரலை நீட்டி, அந்தச் சொல்லை அவர் உதட்டிலிருந்து எடுத்தாள். கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. ஈரமாக இருந்தது. இடுப்புச் சுருக்குப்பையில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். காரிலிருந்து இறங்கியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இது எனக்கு இல்லேன்னா, யாருக்கும் வேண்டாம்," என்றாள் போகும்போது.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கடை காலி. கூட்டம் வராமலில்லை. எட்டுக் கடையையும் தாண்டி வழக்கம்போல வந்து முதல் படியில் கால் வைத்ததும் ஒருத்திக்குக் கேஸ் அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வரும், ஒருத்தருக்கு மாத்திரை போடாதது ஞாபகம் வரும், ஒருத்தருக்கு ஒன்றுமே ஞாபகம் வராது, எதற்கு இங்கே வந்தோம் என்று நின்று தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பிவிடுவார். நாற்பது ஆட்களையும் வாசலில் வரிசையாக நிறுத்தி 'வாங்க வாங்க' என்று சொல்ல வைத்தார் முதலாளி, அது மினி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. 'வருக வருக' என்று சீரியல் லைட்டில் எழுதிப் போட்டார், சனம் அதைக் கட்சிக் கூட்டம் என்று நினைத்தது. லோக்கல் சேனலில் ஓடிய பழைய விளம்பரத்தில் அவர் குரல் இருக்கிறதே, அதை ஸ்பீக்கரில் போடலாம் என்று யாரோ யோசனை சொல்ல, போட்டுப் பார்த்தார்கள். விளம்பரத்திலும் அந்த இடத்தில் வெறும் காற்றுதான் ஓடியது, பிறகு 'உங்கள் ஜவுளிக்கடைக்கு' என்று மீதி வந்தது.

ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. கேட்டார், "என்ன திருடு போச்சு?"

"ஒரு வார்த்தை."

"எந்த வார்த்தை?"

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார், கைகூப்பிக் காட்டினார்.

"கும்பிடு போயிருச்சா?"

தலையை ஆட்டி, கையால் உள்ளே இழுக்கிற மாதிரி ஜாடை காட்டினார். ஏட்டய்யா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'வந்தோரை அழைக்கும் சொல் ஒன்று, பழையது, வேலை செய்யும் நிலையில்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

கடையோடு போனாலும் தேவலை. திருமங்கலத்திலிருந்து அவர் சம்சாரத்தின் கூடப்பிறந்தவர் பெட்டியோடு வந்து வீட்டு வாசலில் நின்றார். இவர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். மைத்துனர் ஒரு நிமிஷம் பார்த்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார். "வாசல்ல நிக்கிறவன வான்னு கூப்பிட வாய் வரல. பணம் வந்ததும் இவ்வளவு ஆயிப்போச்சா?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் போனவர்தான். ஐப்பசி முடிவதற்குள் பாதிச் சொந்தம் அப்படி அறுந்தது.

சீனியம்மா அந்தச் சுருக்குப்பையைத் தன் வீட்டு நிலையில் ஒரு ஆணியடித்து மாட்டியிருந்தாள். வேறெங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் பைக்குள்ளிருந்து அந்தச் சொல் தானாகவே 'வாங்க' என்றது. திருடி வீடு என்று பத்தொன்பது வருஷமாக ஒரு ஆள் படியேறாத வீடு அது, பிச்சைக்காரர்கூடத் தாண்டிப் போகிற வீடு. முதலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உள்ளே போய் உட்கார்ந்தார். பிறகு தபால்காரர். பிறகு வீட்டைச் சோதனை போட வந்த எஸ்.ஐ., 'வாங்க' என்று கேட்டதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் தம்பி தன்னோடு பேசுவதில்லை என்பதை ஒரு மணி நேரம் சொல்லி, டீ குடித்து, வந்த வேலையை மறந்து போனார். பிறகு தெருவே வந்தது. மாமியாரும் மருமகளும் வேறு வேறு நேரத்தில் வந்தார்கள். பத்திரிகை வைக்க வந்தார்கள், ஆமாம், திருடி வீட்டுக்குப் பத்திரிகை வைக்க. அவள் பெற்ற சொல் இல்லை, வளர்த்த சொல் இல்லை, ஆனாலும் அது அந்த வாசலில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லப்பட்டது, நூறு தரமும் அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, யாரென்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், "உக்காருங்க, இந்தா வந்துட்டேன்" என்று தன் பங்குக்குச் சொன்னாள்.

அந்த வீட்டில் அதுவரை இரண்டே டம்ளர். ஒன்று அவளுக்கு, ஒன்று கார்த்தீஸ்வரிக்கு. புரட்டாசியில் ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள். வாங்கினாள் என்றால் வாங்கினாள்தான், நான் கூட இருந்து பேரம் பேசினேன்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி எனக்கு ஆள் விட்டார். பேரம் ஆரம்பமானது. கடைக்கும் அவள் வீட்டுக்குமாக ஏழு நாள் நடந்தேன்.

"ஒரு பட்டுச் சேலை தர்றேன், குடுத்துரச் சொல்லு."

"பட்டுச் சேலை வேண்டாமாம்."

"ஒரு அலமாரி நெறையத் தர்றேன்."

"கடையையே குடுத்தாலும் வேண்டாமாம் முதலாளி. அந்தச் சொல்ல அவளுக்கு ஒரு தரம் சொல்லணுமாம். திரும்பி வந்ததும் மொதச் சொல்லு அவளுக்கு. அப்புறம் அவ உள்ள வந்து, மகளுக்குச் சேலை வாங்கிட்டுப் போவா."



"குடோன்ல வெச்சுச் சொல்றேன்."

"குடோன்ல மூட்டைக்குச் சொல்லுங்க."

"பின் வாசல்ல."

"முன் வாசல்ல. பகல்ல. ஆள் பாக்க."

எட்டாம் நாள் சரி என்றார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். நான் எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன், அன்றைக்கு வந்த சந்தோஷம் வந்ததில்லை. ஓடிப்போய்ச் சீனியம்மாவிடம் சொன்னால், அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"இது போச்சுன்னா இத்தன டம்ளர வெச்சு நான் என்ன செய்ய மதினி?"

"கூறுகெட்டவளே, பழகின சனம் வராம எங்க போகும்?" என்றேன். அதைச் சொன்னது நான்தான். மறைக்கமாட்டேன்.

கார்த்திகை முதல் திங்கள்கிழமை, பதினோரு மணி. வீதி முழுக்கச் சனம், எட்டுக் கடைக்காரர்களும் தங்கள் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அதே எண்ணெய் வைத்த தலை, அதே திருநீறு, அதே மஞ்சப்பை. சீனியம்மா முதல் படியில் ஏறி, சுருக்குப்பையின் நாடாவைத் தளர்த்தினாள். சொல்லை எடுத்து, பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி முதலாளியின் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறந்தார். போட்டாள். அவர் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அவள் காலியான பையை உதறிக் காட்டிவிட்டு, ஒரு படி கீழே இறங்கி, கையிரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் டாக்டர் வீட்டம்மா, மில்காரர் வீட்டம்மா, பள்ளிக்கூடத்து டீச்சர்கள், மொத்த ஊரும். வீதியில் ஒரு சைக்கிள் பெல்கூட அடிக்கவில்லை. முதலாளியின் உதடு பிரிந்தது. நான் பார்த்தேன், 'வா'வுக்குத்தான் பிரிந்தது. அவர் கண் சீனியம்மாவைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் நின்ற பெரிய வீட்டுப் பொம்பளைகளைப் பார்த்து, மறுபடியும் சீனியம்மாவைப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லையே," என்றார். "பை காலி. ஏமாத்திட்டா."

ஊர் ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சிலேயே தீர்ப்பும் முடிந்துபோனது. அவர் முகம் நாலு மாதத்தில் கறுத்து ஒட்டிப்போயிருந்தது, பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருந்தது. அவளோ திருடி. யாரை நம்புவார்கள்? "வேற யாருக்கோ வித்திருப்பா" என்றார் ஒருவர். "அப்பமே தெரியும்" என்றார் இன்னொருவர், மூன்று மாதம் அவள் வீட்டு டீயைக் குடித்தவர்.

மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்கு ஒரு ஆள் வரவில்லை. நிலையில் வெறும் ஆணிதான் இருந்தது. டம்ளர்கள் கவிழ்த்தபடி கவிழ்ந்து கிடந்தன. எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றாமலே வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் நல்ல சனம்தான், வைகிற ஆளில்லை, போனில் மெதுவாகத்தான் சொன்னார்கள், "அந்தப் பொருளக் குடுத்துருங்கம்மா. அது முடியட்டும், அப்புறம் தை பத்தப் பத்திப் பேசுவோம்." அதையும் அவள் தாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வேலை முடிந்து வந்த கார்த்தீஸ்வரி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"எம்மா, நெசமாவே குடுத்துட்டியா?"

பத்தொன்பது சேலைக்கும், வாசலில் மாட்டின படத்துக்கும், படியில் நின்ற வெயிலுக்கும் அழாத சீனியம்மா அந்தக் கேள்விக்கு அழுதாள். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, டம்ளரைப் பார்த்தேன்.

இனிமேல்தான் நீ கேட்க வேண்டியது இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஒரு ரவிக்கைத் துணி விஷயமாக நான் கடைப் பக்கம் போனேன். முன்படி யாரையும் ஏறவிடுவதில்லையே, அதனால் துணிப் பேல் இறக்குகிற சந்து வழியாகப் போனேன். ஆட்கள் மேல்மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே முதலாளி ஒருவர்தான். பட்டுச் சேலை கட்டிய பொம்மைகள் ஏழு, ஷோகேஸில் வீதியைப் பார்த்து நிற்குமே, அதற்குப் பின்னால் போய் நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். கன்னம் லேசாகப் புடைத்தது. கைகூப்பினார். ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்று, 'வாங்க' என்றார்.

ஏழு பொம்மைகளும் திரும்பின. விரல் உடைந்த ஒன்று, கம்பித் தாங்கலிலிருந்து காலை எடுத்து ஒரு எட்டு வைத்து, உடைந்த கையோடு அவரைக் கும்பிட்டது. "உக்காருங்க. என்ன பாக்குறீங்க?" என்றார் அவர். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. என் காலில் பேப்பர் அட்டை ஒன்று மிதிபட்டுச் சத்தம் கேட்டதும் வாய் மூடிக்கொண்டது, கன்னம் மறுபடி ஒட்டியது. மறுநாள் ஷோகேஸில் ஏழு பொம்மையும் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஊர் அதைப் பார்த்துவிட்டு, இப்போது ரவிக்கை முதுகு டிசைன்தான் ஃபேஷன், அதைக் காட்டத்தான் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு போனது.

முதுகு டிசைனாம்.

நீ பொம்மைக்குச் சொல்கிறாய். மர உடம்புக்கும் பஞ்சுத் தலைக்கும் சொல்கிறாய். கடை அழிந்தாலும் சரி, மைத்துனன் போனாலும் சரி, உன் வீட்டு வாசல் முள் முளைத்துக் கிடந்தாலும் சரி, முதல் சொல் அவளுக்குப் போகக்கூடாது என்று வாய்க்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு பொம்மைக்குச் சொல்லி அழுகிறாய்.

உன்னை நீ என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. நீ சைக்கிளில் சேலை மூட்டை கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போன காலத்தில் நான் தலையில் பாத்திரக் கூடை வைத்துக்கொண்டு அதே தெருக்களில் போனேன். ஒரு வைகாசி வெயிலில் அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரே தெருவில் பதினேழு வாசலில் நின்றோம். பதினேழிலும் கதவைப் பாதி திறந்து, வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல், மூடினார்கள். புளியமரத்தடியில் மூட்டையை இறக்கிவிட்டு நீ என்ன சொன்னாய்? உனக்கு மறந்திருக்கும். நான் சொல்கிறேன். "சேல எடுக்க வேண்டாம் மூக்கம்மா. தண்ணி தர வேண்டாம். வாங்கன்னு ஒரு வார்த்த, அதச் சொன்னா இவங்க கொறஞ்சா போயிருவாங்க?" அன்றைக்கு உன் கண்ணில் நான் பார்த்ததைத்தான் செவ்வாய்க்கிழமை அந்தப் பொம்மைகளுக்கு முன்னாலும் பார்த்தேன். அதனால்தான் அங்கேயே உன் சட்டையைப் பிடிக்காமல் வந்தேன்.

தை பத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். வரமாட்டேன் என்கிறாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். கார்த்தீஸ்வரியும் வருவாள், அவள் காதால் கேட்க வேண்டும். பேரம் முடிந்துபோன பேரம், வெற்றிலை மாற்றியாயிற்று, இனி ஏற்றவும் இறக்கவும் என்னிடம் ஒன்றுமில்லை. மஞ்சப்பையோடு முதல் படியில் நிற்பாள். தோளுக்கு மேலே பார்க்காதே, அவள் முகத்தைப் பார். கையைக் கூப்பு. வாயைத் திற.

சொல்லு.